இன்ஜின் ஆறும்வரை

பக்கவாட்டு மூடியைத் தூக்கி, இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டேன். நல்ல சூடு. சற்று முன்புதான் ஓட்டி அணைத்திருக்கிறார்கள்.

பழைய லோடர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இன்ஜின் குளிர்ந்து கிடக்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கிடந்த இன்ஜினில் சாவியைப் போட்டுத் திருப்பினால் அது தன் வியாதியை எல்லாம் தானே சொல்லிவிடும். எத்தனை தடவை இருமிவிட்டு எழுந்திருக்கிறது, புகை வெள்ளையா கறுப்பா நீலமா, முதல் ஒரு நிமிஷம் உள்ளே என்ன தட்டுகிறது, எல்லாம் தெரிந்துவிடும். சூடேறிய இன்ஜின் அப்படியல்ல. விருந்தாளி முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி கேட்ட கேள்விக்கெல்லாம் சமர்த்தாகப் பதில் சொல்லும். அதற்காகத்தான் விடியும் முன்பே எழுந்து, அரைத் தூக்கத்தில் இரண்டு பஸ் மாறி இங்கே வந்திருந்தேன்.

"யாரு ஸ்டார்ட் பண்ணா?" என்று கேட்டேன்.

வண்டியை விற்கிற யார்டுக்காரர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் இன்ஜினை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. இரண்டாவது பஸ்ஸில் நான் கண்ணயர்ந்த நேரத்தில் இவர் போன் போட்டிருக்கிறார். அண்ணே, வந்துகிட்டே இருக்கோம், வண்டியக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி ரெடியா வச்சிருங்க, உங்களுக்கும் அலைச்சல் இல்ல எங்களுக்கும் அலைச்சல் இல்ல என்று சொல்லியிருக்கிறார். முன்பின் பார்த்திராத மனிதரை அண்ணன் ஆக்கியதும் அந்த ஒரே போனில்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வீட்டு நுணல் தான் கெடுவதோடு நிற்காது, என்னையும் சேர்த்துக் கெடுக்கும்.

"ஆறட்டும்," என்றேன்.

"என்னது ஆறட்டும்?" என்றார் இவர்.

"இன்ஜின். ஆறுனதுக்கு அப்புறம் பாக்கலாம்."

அது ஆற மத்தியானம் தாண்டிவிடும் என்று யார்டுக்காரர் சொன்னார். தாண்டட்டும் என்றேன். அவர் பருத்த உடம்பும் மெல்லிய குரலுமாக இருந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஆபீஸுக்குள் போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துவந்து தகரக் கூரையின் நிழலில் போட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நாங்கள் மணலும் ஜல்லியும் விற்கிறவர்கள். லாரிக்கு ஏற்றிக்கொடுக்க லோடர் இல்லையென்றால் அந்தத் தொழில் இல்லை. சொந்தமாக ஒன்று இருந்தது. அதை வாங்கியவர் இவர்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வாங்கினார். இன்ஜின் சத்தம் பாட்டு மாதிரி இருக்கிறது என்று வந்து சொன்னார், நானும் தலையாட்டினேன். பாட்டு மாதிரிதான் இருந்தது. ஹேண்ட் பிரேக்தான் இல்லை. அதாவது நெம்புகோல் இருந்தது, இழுத்தால் வந்தது, விளக்குகூட எரிந்தது, பிடிக்க மட்டும் இல்லை. ஒருநாள் எங்கள் யார்டின் சரிவில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு லாரிக்காரனோடு இரண்டு வார்த்தை பேச இவர் இறங்கினார். வண்டி பின்னால் உருண்டு வந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே இப்போது எலும்பைவிட இரும்புதான் அதிகம்.

அந்த வண்டியை விற்றவன் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். இவர் படுத்த படுக்கையிலிருந்து அவனுக்கு நாற்காலி போடச் சொன்னார். போட்டவள் நான். பாவம் அவனுக்கு என்ன தெரியும், சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இறங்கியது என் தப்பு என்று அவனுக்கே சமாதானம் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. எங்கள் குடும்பத்தில் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது. கோபப்பட வேண்டிய இடத்தில் எல்லாம் நான் கோபப்பட வேண்டும். நல்ல மனுஷன் என்ற பேர் மட்டும் அவருக்குப் போய்விடும்.

அந்த வண்டி பழைய இரும்புக்குப் போனது. அதற்குப் பிறகு இவரால் பெடல் மிதிக்க முடியவில்லை. நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாடகை லோடர் வைத்துக் காலம் தள்ளுகிறோம். அது நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. சொந்த வண்டி பார்க்கத் தொடங்கி இது எத்தனையாவது என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். நாத்தனார் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அண்ணி மிஷின் பாக்கப் போறாங்களா மாப்பிள்ளை பாக்கப் போறாங்களா, இவ்வளவு குறை சொல்லித் தள்ளுறாங்களே என்று அவள் போனில் சிரித்தது பக்கத்து அறையில் இருந்த எனக்கும் கேட்டது. மாப்பிள்ளை பார்ப்பது சுலபம். அவன் மேட்டில் நின்றால் பின்னால் உருள மாட்டான்.

இன்ஜின் ஆறும்வரை சும்மா உட்கார என்னால் முடியவில்லை. பையிலிருந்து சுத்தியல், டார்ச், பழைய துணி எல்லாம் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். அடியில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறிக்கொண்டது. பக்கெட்டின் மூட்டுகளில் எல்லாம் புது கிரீஸ் அப்பியிருந்தது. புது கிரீஸ் முகத்துக்குப் பவுடர் போடுவது போலத்தான், துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். துடைத்தேன். கடப்பாரை ஒன்று கேட்டு வாங்கி இடுக்கில் கொடுத்து நெம்பினேன். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. இந்த வயது வண்டிக்கு அந்த ஆட்டம் இருக்கும். வண்டி நடுவில் மடங்குகிற பெரிய மூட்டில் என்ன ஆட்டம் என்று பார்க்க அடியில் குனிந்து போனேன். அங்கே பரவாயில்லை. முன் டயர் ஒன்றின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. பின்னால், பக்கெட்டின் பாரத்துக்கு ஈடாக வைத்திருக்கும் எடைக்கட்டையில் புதுப் பெயின்ட், அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், ஒட்டுப்போட்ட சத்தம் இல்லை. ஆயில் அளவுக் கம்பியை உருவி விரலில் தேய்த்து முகர்ந்தேன். தீய்ந்த வாசனை இல்லை.

நான் தட்டத் தட்ட அங்கே நாற்காலியில் நட்பு வளர்ந்துகொண்டிருந்தது. யார்டுக்காரர் டீ வரவழைத்தார். இவர் டீ நன்றாக இருக்கிறது என்றார். பிறகு யார்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, நான் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்பார்த்தபடியே, வண்டியைப் பார்த்து, "நல்லாத்தான் வச்சிருக்கீங்கண்ணே" என்றார். வாங்க வந்தவன் விற்கிறவனிடம் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் அது. நான் வண்டிக்கு அடியிலிருந்து இருமினேன். அவருக்கு அது வெறும் இருமலாகத்தான் கேட்டது.

கேபினுக்குள் ஏறினேன். ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரில் எண் சின்னதாக இருந்தது. வண்டியே புதிது என்று நம்பிவிடலாம். ஆனால் ஏறி வந்த இரும்புப் படியின் பற்கள் தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகக் கிடந்தது. எத்தனை காலம் யாருடைய கால்கள் மிதித்தனவோ. மீட்டர் பொய் சொல்லும், படி பொய் சொல்லாது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தலையை வெளியே நீட்டி மீட்டரைப் பற்றிக் கேட்டேன்.

யார்டுக்காரர் மழுப்பவில்லை. "பழைய மீட்டர் நின்னு போச்சு தங்கச்சி. புதுசு மாத்துனோம். கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

"கேக்காட்டி?"

அவர் சிரித்தார். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகுதான் யார்டுக்காரருக்கு ஒன்று உறைத்தது போல. தங்கச்சியா ஓட்டுறாங்க என்று இவரிடம் கேட்டார். இவர் தன் இடது காலைத் தட்டிக் காட்டி, ஆமாண்ணே, எனக்குப் பதவி போயிருச்சு என்றார். நான் இறங்கியதும் யார்டுக்காரர் எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டால் டிரைவர் சீட்டின் தூசியைத் தட்டிவிட்டுப் போனார். இவ்வளவு நேரம் அந்தத் தூசியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. யார்டுக்காரர் சாப்பிடப் போனார். எங்களையும் கூப்பிட்டார், நான் வேண்டாம் என்றேன், இவர் போக ஆசைப்பட்டது தெரிந்தது. நாங்கள் கொண்டுவந்த பொட்டலத்தை நிழலில் வைத்துச் சாப்பிட்டோம். நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது இவர் கையைக் கழுவிவிட்டு, இல்லாத அழுக்கை நகத்தில் தேடிக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று புரிந்தது.

"நீ சுத்தியலால அதத் தட்டுறப்பல்லாம் என்னத் தட்டுற மாதிரி இருக்கு," என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

"நீங்க அன்னைக்கே தட்டியிருந்தா நான் இன்னைக்குத் தட்ட வேண்டியதில்லை."

பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா என்று ஊரில் எல்லாரும் அவரிடம் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். நான் ஒருத்திதான் இதுவரை சொல்லாமல் இருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கணக்கு சரிதான் என்பது போல ஒரு ஆட்டல். இந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டாரா என்று எனக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது, அதை எரிச்சலின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வண்டியில் இனி ஏறி இறங்கப் போகிறவள் நான். நான் இறங்கி நிற்கும்போது அது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் சகித்துக்கொள்வேன். இதை அவரிடம் இத்தனை நேராக நான் சொன்னதில்லை. சொன்னால் அவர் காலைப் பற்றிப் பேசுவது போல ஆகிவிடும். அதனால் டயரைப் பற்றியும் மீட்டரைப் பற்றியும் பேசி, பார்த்த வண்டியை எல்லாம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் ஆகத் தொடங்கியபோது இன்ஜின் ஆறிவிட்டது. யார்டுக்காரர் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். முதல் தடவை முனகியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்தது, சீக்கிரமே கலைந்தது. தட்டல் எதுவும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. யார்டுக்காரர் முகத்தில் பெருமையும் இல்லை, பயமும் இல்லை. காலையில் இவர் கேட்டார், அவர் ஸ்டார்ட் செய்து வைத்தார், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ஏமாற்ற வந்தவரை நான் பிடிக்கவில்லை. இவருடைய வாய்க்காக ஒரு பகல் முழுவதும் வெயிலில் காய்ந்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்த்தேன். சமதரையில் கால் பிரேக் மிதித்த இடத்தில் நின்றது. கியர் மாறும்போது இழுப்பு இல்லை. ஜல்லிக் குவியலில் பக்கெட்டைச் செருகித் தூக்கினேன். இன்ஜின் குரல் கொஞ்சம் கனத்ததே தவிரச் சோர்ந்துபோகவில்லை. தூக்கிய பாரத்தை அப்படியே நிறுத்தி வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. நல்ல வண்டிதான் போலிருக்கிறது என்று மனம் சொல்லத் தொடங்கியது. அது சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மோசமான வண்டியை வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடலாம். நல்ல வண்டியில் நாளை முதல் நான் ஏறி உட்கார வேண்டும்.

மிச்சம் இருந்தது மேடு. அந்த யார்டின் கோடியில், உயரத்திலிருந்து ஜல்லி கொட்டும் தொட்டிக்கு ஏறிப் போகிற ஒரு சரிவு இருந்தது. நிரம்பிய பக்கெட்டோடு அதில் ஏறி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். நின்றால் நின்றது. அதற்கு முன்னால் பின் சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு பெரிய கல்லை வைத்துவிட வேண்டும். உருண்டால் ஒரு முழத்தோடு தடுத்துவிடும். கல்லை வைத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்க வேண்டும்.

இதை என் கணவரிடம்தான் சொன்னேன். யார்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து மனுஷன் ஓரமாகவே உட்கார்ந்திருக்கிறார், ஏதாவது செய்யட்டும் என்று தோன்றியது. மத்தியானம் சொன்ன வார்த்தைக்கு அது ஒரு மாதிரியான சமாதானமும்கூட. "கல்ல வச்சிட்டு ஓரமா வந்துருங்க," என்றேன். "தெரியும்மா," என்றார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

ஏறினேன். தொட்டியின் விளிம்பில் போட்டிருந்த இரும்புக்கட்டையைப் பக்கெட் தொடுகிற வரைக்கும் ஏற்றி நிறுத்தினேன். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தேன். வலது கால் கால் பிரேக்கின் மேல் இருந்தது. முன்னால் கட்டை, கட்டைக்கு அப்பால் தொட்டியின் பள்ளம். பின்னால் என்ன நடக்கிறது என்பது வலப்பக்கக் கண்ணாடியில் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடி இன்ஜினோடு சேர்ந்து நடுங்கியது.

அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய கல். இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துச் சரிவில் ஏறினார். பாதி வழியில் நின்றார். கல்லைக் கீழே வைத்தார். மறுபடி தூக்குவார் என்று காத்திருந்தேன். தூக்கவில்லை. சக்கரத்துக்கு நேர் பின்னால், சரிவின் நடுவில், அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தள்ளிப் போங்க என்று கத்தினேன். கேபினுக்குள் இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கண்ணாடியில் யார்டுக்காரரைத் தேடினேன். அவர் ஆபீஸ் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். இறங்கிப் போகலாம் என்றால் காலை எடுக்க வேண்டும். காலை எடுத்தால் இந்த ஹேண்ட் பிரேக் நல்லதா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்ஜினை அணைத்தால் கால் பிரேக்கின் பிடியும் போய்விடுமோ என்று பயம்.

யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், கல்லின் மேல் உட்கார்ந்திருந்த இவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படித் தேய்த்து நான் பார்த்ததே இல்லை. வலி போய்விட்டது என்று எத்தனையோ நாளைக்கு முன்பே சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன். விடியும் முன்பிருந்து அந்தக் காலோடு இரண்டு பஸ் ஏறி இறங்கி, பகல் முழுக்க அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எழுந்து தொலைங்களேன் என்று கண்ணாடியைப் பார்த்து அழுதேன்.

ஹார்னை அழுத்தினேன். யார்டே அதிரும்படி அது அலறியது. நாய் துள்ளி ஓடியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவசரமாகப் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு, கல்லின் மேல் உட்கார்ந்தபடியே என்னை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஹார்ன் நன்றாக வேலை செய்கிறதாம்.

பிரேக் பெடலின் மேல் என் கால் நடுங்கத் தொடங்கியது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து அழுத்திக்கொண்டு, நெற்றியால் மறுபடியும் ஹார்னை அழுத்தினேன். அழுத்தியபடியே கண்ணாடியைப் பார்த்தேன். அவர் சிரித்த முகமாக, இந்தத் தடவை இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார்.